விற்பனையா, கடனா? மலேசியாவில் இஸ்லாமிய வங்கித் திட்டங்களின் உருவாக்கமும் ஒழுங்குமுறைச் சிக்கல்களும்

1. முன்னுரை

மலேசியாவில் வீடு வாங்க விரும்பும் ஒருவர் ஒரு பெரிய வங்கிக் குழுமத்தை நாடினால், பொதுவாக அவர்முன் இரு வகைத் திட்டங்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று வழக்கமான வட்டிக் கடன். மற்றொன்று இஸ்லாமிய நிதித் திட்டம். இரண்டாம் வகை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. சமய வேறுபாடின்றி யாவரும் அதில் சேரலாம், சேர்ந்தும் வருகின்றனர். தமிழருள்ளும் வீட்டிற்கோ வாகனத்திற்கோ இத்தகைய ஒப்பந்தம் செய்துகொண்டோர் உள்ளனர். ஆயினும், கையெழுத்திட்டது கடன் பத்திரமா, விற்பனை ஒப்பந்தமா, குத்தகையா என்று கேட்டால் தெளிவாக விடை கூறக்கூடியவர் சிலரே.

இத்தெளிவின்மைக்கு வாடிக்கையாளரின் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று கூறிவிட இயலாது. இஸ்லாமிய வங்கித் திட்டம் ஒன்றை நாட்டின் வெவ்வேறு சட்டங்கள் வெவ்வேறாகப் பார்த்து வந்துள்ளன. ஒரு சட்டத்தின் பார்வையில் அது விற்பனையன்று. மற்றொன்றின் பார்வையில் அது முழுமையான விற்பனை. இவ்விரு பார்வைகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் இத்துறையின் முதன்மையான ஒழுங்குமுறைச் சிக்கல்கள் தோன்றின என்பதும், அவ்வெளியின் சுமை பெரும்பாலும் வாடிக்கையாளர்மீதே விழுந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். அதனை வீட்டு நிதித் திட்டங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு விளக்க முயல்கிறோம்.

2. சட்டப் பின்னணி

மலேசிய இஸ்லாமிய நிதித்துறையின் வேர், 1959ஆம் ஆண்டு பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் எழுதிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் உள்ளது. மலாய்க் கிராம மக்கள் ஹஜ் பயணத்திற்காக நிலத்தையும் கால்நடைகளையும் விற்கும் நிலையைக் கண்ட அவர், வட்டியில்லாச் சேமிப்பு அமைப்பு ஒன்றினை முன்மொழிந்தார். அதன் பயனாக 1960களின் தொடக்கத்தில் உருவான அமைப்பே பின்னர் தாபோங் ஹாஜி என வளர்ந்தது.

வங்கி என்னும் நிலையில் முதல் முயற்சி 1983ஆம் ஆண்டு நிகழ்ந்தது. இஸ்லாமிய வங்கிச் சட்டம் அவ்வாண்டு ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்தது. பேங்க் இஸ்லாம் மலேசியா ஜூலை முதல் நாள் செயற்படத் தொடங்கியது. இஸ்லாமியச் சமயம் ஏற்காத கூறு எதுவும் கலவாத வங்கித் தொழிலே இஸ்லாமிய வங்கித் தொழில் என அச்சட்டம் வரையறுத்தது. சமயம் ஏற்பது எது, ஏற்காதது எது என்பதை அச்சட்டம் விரித்துரைக்கவில்லை. வங்கி தனக்கென ஒரு ஷரியா ஆலோசனைக் குழுவை, அதாவது இஸ்லாமிய நெறிமுறைக் குழுவை, அமைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கூறியது.

1993ஆம் ஆண்டு, வழக்கமான வங்கிகளும் வட்டியில்லா வங்கித் திட்டத்தின்கீழ்ச் சேவை வழங்க அனுமதி பெற்றன. பல வங்கிகள், பல ஷரியா ஆலோசகர்கள் என்னும் நிலை ஏற்பட்டதும், ஒரே திட்டம் ஓரிடத்தில் ஏற்கப்பட்டு மற்றோரிடத்தில் மறுக்கப்படும் இடர் தோன்றியது. எனவே 1997ஆம் ஆண்டு பேங்க் நெகாரா தன்னிடத்தில் தேசிய அளவிலான ஷரியா ஆலோசனை மன்றத்தை நிறுவியது. 2009ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அம்மன்றத்தின் முடிவுகளுக்குக் கட்டுப்படுத்தும் ஆற்றலை வழங்கியது. 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம், 1983ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1984ஆம் ஆண்டுத் தக்காஃபுல் சட்டத்தையும் நீக்கி, இத்துறை முழுவதையும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது.

3. ஒரு வீடு இருமுறை விற்கப்படும் முறை

தொடக்கக் காலத்தில் வீட்டு நிதிக்குப் பெரிதும் பயன்பட்டது பாய் பித்தமான் ஆஜில் என்னும் ஒப்பந்தமாகும். தவணை விலை விற்பனை என இதனைத் தமிழில் கூறலாம். இதன் அமைப்பு எளியது. வாடிக்கையாளர் வீட்டு மேம்பாட்டாளரிடம் வீட்டிற்கு முன்பணம் செலுத்துகிறார். பின்னர் அவ்வீட்டின்மீது தமக்குள்ள உரிமையை வங்கிக்கு, நிதித் தொகைக்கு ஈடான விலையில், விற்கிறார். வங்கி அதே நாளில் அவ்வுரிமையைக் கூடுதல் விலைக்கு அவருக்கே திரும்ப விற்கிறது. அவ்விலையை அவர் இருபது, முப்பது ஆண்டுகளில் தவணையாகச் செலுத்துகிறார். இரு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடே வங்கியின் இலாபம்.

வட்டி என்பது பணத்தைக் கொடுத்துப் பணத்தைப் பெருக்குவது; விற்பனை இலாபம் என்பது ஒரு பொருளைக் கைம்மாற்றிப் பெறுவது. முன்னது இஸ்லாத்தில் ரிபா எனத் தடுக்கப்பட்டது, பின்னது ஏற்கப்பட்டது. ஆகவே, இத்திட்டத்தில் விற்பனை என்பது வெறும் வடிவமன்று. திட்டம் செல்லுபடியாவதற்கான அடிப்படையே அதுதான். இங்குதான் முதற் சிக்கல் எழுகிறது. வங்கிகள் வணிகப் பொருள்களை வாங்கி விற்பதை வழக்கமான வங்கிச் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. நிலச் சட்டமும் வரிச் சட்டமும் ஒவ்வொரு விற்பனைக்கும் பதிவையும் வரியையும் கோருகின்றன. இருமுறை விற்கப்படும் வீட்டிற்கு இருமுறை முத்திரை வரி விதித்தால், இஸ்லாமியத் திட்டம் வழக்கமான கடனுடன் போட்டியிட இயலாது.

3.1 நிலச் சட்டமும் வரிச் சட்டமும்: விற்பனையன்று

மலேசியச் சட்டங்கள் இச்சிக்கலைத் தீர்த்த முறை ஆராயத்தக்கது. முத்திரை வரிச் சட்டம் ஒரு விலக்கினை வழங்குகிறது. ஷரியா நெறிக்கு இணங்குவதற்காக மட்டுமே தேவைப்படுவதும், பிற நிதித் திட்டங்களுக்குத் தேவைப்படாததுமாகிய கூடுதல் ஆவணத்திற்கு வரி இல்லை. சொத்து ஆதாய வரிச் சட்டமும், பேங்க் நெகாரா ஏற்ற ஷரியா நிதித் திட்டத்தின்கீழ் நிகழும் சொத்துக் கைம்மாற்றத்தால் ஆதாயமோ இழப்போ ஏற்படவில்லை எனக் கொள்கிறது. சுருங்கக் கூறின், வரித்துறையின் கண்ணுக்கு இவ்விற்பனை புலப்படுவதில்லை.

நிலச் சட்டத்திலும் இந்நிலையே காணப்படுகிறது. 1996ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட ஒரு வழக்கில், கிளந்தான் மாநில மலாய் ஒதுக்கீட்டு நிலம் ஒன்றின்மீது பாய் பித்தமான் ஆஜில் ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது. ஒதுக்கீட்டு நிலத்தை வங்கிக்கு விற்பது மாநிலச் சட்டத்திற்கு முரணானது. எனவே ஒப்பந்தம் செல்லாது என வாடிக்கையாளர் வாதிட்டார். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. விற்பனை ஒப்பந்தங்கள் இஸ்லாமிய வங்கி நடைமுறையின் ஒரு பகுதியே. நிலத்தின் பதிவுரிமை வாடிக்கையாளரிடமிருந்து ஒருபோதும் நீங்கவில்லை. வங்கிக்காகப் பதிவு செய்யப்பட்டது அடைமானம் மட்டுமே எனத் தீர்ப்புக் கூறியது. 1998ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

இத்தீர்ப்பு இஸ்லாமிய வங்கித்துறையை ஒரு பெரும் இடரிலிருந்து காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது விட்டுச்சென்ற கேள்வி எளியதன்று. உரிமை கைம்மாறவில்லை எனில், வங்கி விற்றது எதனை?

3.2 கடன் வசூல்: முழுமையான விற்பனை

வாடிக்கையாளர் தவணை செலுத்தத் தவறும்போது இதே ஒப்பந்தம் வேறொரு முகத்தைக் காட்டியது. அஃபின் வங்கி தொடுத்து 2006ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்ட வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். மறுசீரமைக்கப்பட்ட ஒப்பந்தத்தின்படி வங்கி வாங்கிய விலை 394,172.06 ரிங்கிட், விற்ற விலை 992,363.40 ரிங்கிட், தவணைக் காலம் 25 ஆண்டுகள். வாடிக்கையாளர் 33,454.19 ரிங்கிட் செலுத்திய பின் தவணை தவறியது. விற்பனை விலையிலிருந்து செலுத்திய தொகையைக் கழித்து, எஞ்சிய 958,909.21 ரிங்கிட்டையும் வங்கி கோரியது.

வட்டிக் கடனாயின், தவறிய நாள்வரை சேர்ந்த வட்டியும் எஞ்சிய முதலுமே கணக்கிடப்பட்டிருக்கும். விற்பனையாதலால், முழு விலையும் முதல் நாளிலேயே கடப்பாடாகிவிட்டது என்பது வங்கித் தரப்பு வாதம். வழக்கை விசாரித்த நீதிபதி அப்துல் வஹாப் பட்டாய்ல் இதனை ஏற்கவில்லை. முழுத் தவணைக் காலத்திற்குமான இலாபத்தை ஒருவர் செலுத்த வேண்டுமாயின், முழுத் தவணைக் காலமும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். கழியாத காலத்திற்கான இலாபத்தைக் கோர வங்கிக்கு உரிமையில்லை என அவர் கருதினார்.

2008ஆம் ஆண்டு இதே நீதிபதி, தாமான் இஹ்சான் ஜெயா வழக்கு எனப் பரவலாக அறியப்படும் வழக்குகளின் தொகுப்பில் மேலும் ஒரு படி சென்றார். வங்கி வாடிக்கையாளரிடமிருந்தே வாங்கி அவருக்கே திரும்ப விற்கும்போது அது மெய்யான விற்பனையன்று. நிதி வழங்கும் ஏற்பாடே. எனவே அதில் பெறும் இலாபம் சட்டத்தின் வரையறைக்குப் புறம்பானது எனத் தீர்த்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த ஒரு திட்டத்தின் அடித்தளமே அசைந்தது. 2009ஆம் ஆண்டு, பேங்க் இஸ்லாம் தரப்பான மற்றொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்கருத்தை மறுத்தது. பாய் பித்தமான் ஆஜில் என்பது விற்பனை, கடனன்று, இரண்டையும் ஒப்பிடுவதே பொருந்தாது, ஒரு திட்டம் சமய நெறிக்கு இணங்குகிறதா என முடிவு செய்வது குடிமையியல் நீதிமன்றத்தின் பணியன்று என அது உரைத்தது.

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். நிலப் பதிவிலும் வரியிலும் விற்பனை விளைவற்றதாகக் கொள்ளப்பட்டது. கடன் வசூலில் அதே விற்பனை முழு விளைவுடையதாகக் கொள்ளப்பட்டது. ஒவ்வொரு முடிவும் தனித்து நோக்கின் காரணம் உடையதே. ஆனால் இரண்டும் ஒருங்கே நிற்கும்போது, விற்பனையின் நன்மையான உரிமை மாற்றம் எவருக்கும் கிட்டாமல், அதன் சுமையான முழு விலை மட்டும் வாடிக்கையாளரிடம் எஞ்சியது.

4. விலையும் தள்ளுபடியும்

முன்கூட்டிக் கணக்குத் தீர்க்கும் வாடிக்கையாளருக்கு வங்கி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாம். இதனை இப்ரா என்பர். வங்கிகள் நடைமுறையில் இதனை வழங்கியே வந்தன. ஆயினும் இப்ரா என்பது கொடுப்பவரின் விருப்பம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஒப்பந்தத்தில் அதனைக் கட்டாயமாக்கினால் விற்பனை விலை உறுதியற்றதாகும். விலை உறுதியற்ற விற்பனையில் கரார், அதாவது தெளிவின்மை, புகுந்துவிடும் என்பது தயக்கத்திற்குக் காரணம். வாடிக்கையாளரைக் காக்க வேண்டிய விதி, திட்டத்தின் சமயச் செல்லுபடியைக் கெடுத்துவிடுமோ என்னும் அச்சமே இங்கு ஒழுங்குமுறையாளரின் கையைக் கட்டியது.

2003ஆம் ஆண்டு மாறும் விகிதத் திட்டம் அறிமுகமானபோது இப்ராவின் பங்கு மேலும் பெருகியது. வங்கி தன் வைப்பாளர்களுக்குத் தரும் விகிதம் சந்தைக்கேற்ப மாறுகிறது. ஆனால் விற்பனை விலையோ ஒருமுறை உறுதி செய்யப்பட்டால் மாற்ற இயலாது. இம்முரணைத் தீர்க்க, ஒப்பந்த விலையை ஓர் உச்ச விகிதத்தில் கணக்கிட்டு, மாதந்தோறும் நடப்பு விகிதத்திற்கும் உச்ச விகிதத்திற்கும் உள்ள வேறுபாட்டை இப்ராவாகக் கழிக்கும் முறை வகுக்கப்பட்டது.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்குவோம். நிதித் தொகை 300,000 ரிங்கிட், காலம் 30 ஆண்டுகள், உச்ச விகிதம் 10 விழுக்காடு, நடப்பு விகிதம் 4.5 விழுக்காடு எனக் கொள்வோம். உச்ச விகிதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 2,633 ரிங்கிட். ஒப்பந்தத்தில் எழுதப்படும் விற்பனை விலை ஏறத்தாழ 947,800 ரிங்கிட். நடப்பு விகிதம் மாறாதிருப்பின் வாடிக்கையாளர் உண்மையில் செலுத்துவது மாதம் ஏறத்தாழ 1,520 ரிங்கிட். மொத்தம் ஏறத்தாழ 547,200 ரிங்கிட். ஆக, ஒப்பந்தத் தாளில் உள்ள விலைக்கும் செலுத்தப்படும் தொகைக்கும் 400,000 ரிங்கிட்டிற்கு மேற்பட்ட வேறுபாடு உள்ளது. அவ்வேறுபாடு முழுவதும் இப்ரா என்னும் ஒரு சொல்லின்மீது நிற்கிறது. அச்சொல் வங்கியின் விருப்பத்தைக் குறிக்கிறதா, கடமையைக் குறிக்கிறதா என்பது எத்துணை முதன்மையானது என்பது இதனால் விளங்கும்.

2010ஆம் ஆண்டு ஷரியா ஆலோசனை மன்றம் இதற்கு விடை கண்டது. பொதுநலன் கருதியும் வழக்குகளைத் தவிர்க்கும்பொருட்டும், முன்கூட்டிக் கணக்குத் தீர்ப்போருக்கு இப்ரா வழங்குமாறு வங்கிகளைப் பேங்க் நெகாரா கட்டாயப்படுத்தலாம் என அது முடிவு செய்தது. 2011ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வழிகாட்டி நெறிகள், இப்ரா வழங்கும் கடப்பாட்டையும் அதனைக் கணக்கிடும் முறையையும் ஒப்பந்தத்திலேயே குறிப்பிட வேண்டும் என வரையறுத்தன. தவணை தவறியதால் கணக்குத் தீர்க்கும் வாடிக்கையாளரும் இதனுள் அடங்குவர். 2006ஆம் ஆண்டு வழக்கில் நீதிபதி நியாயத்தின் பெயரால் செய்ய முனைந்ததை, ஒழுங்குமுறை ஐந்தாண்டுகளுக்குப் பின் விதியின் பெயரால் செய்தது எனலாம்.

5. முடிவு கூறும் அதிகாரம் யாருடையது?

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை வங்கி, ஒப்பந்தம் ஆகியவற்றைக் கூட்டரசுப் பட்டியலில் வைக்கிறது. இஸ்லாமியச் சட்டத்தைப் பொதுவாக மாநிலப் பட்டியலில் வைக்கிறது. ஆகையால் இஸ்லாமிய வங்கி வழக்குகள் ஷரியா நீதிமன்றங்களுக்குச் செல்வதில்லை. குடிமையியல் நீதிமன்றங்களுக்கே செல்கின்றன. அங்குள்ள நீதிபதிகள் இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நீதிமன்றம் ஷரியா ஆலோசனை மன்றத்தின் கருத்தைக் கவனத்திற் கொண்டால் போதும். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் இந்நிலையை மாற்றின. நீதிமன்றம் மன்றத்தின் வெளியிடப்பட்ட முடிவுகளைக் கவனத்திற் கொள்ள வேண்டும், அல்லது கேள்வியை மன்றத்திற்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய கேள்விக்கு மன்றம் கூறும் முடிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும்.

இது நீதித்துறையின் அதிகாரத்தை நிருவாகத்துறை சார்ந்த அமைப்பு ஒன்றிடம் ஒப்படைப்பதாகாதா என்னும் கேள்வி, ஜேஆர்ஐ ரிசோர்சஸ் நிறுவனத்திற்கும் குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ் மலேசியாவிற்கும் இடையிலான வழக்கில் எழுந்தது. கப்பல்களுக்கான இஜாரா, அதாவது குத்தகை, ஒப்பந்தத்தில் பராமரிப்புச் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பதே வழக்கின் தொடக்கப் புள்ளி. பொருளின் உரிமையாளர் வங்கியெனில், உரிமையாளருக்குரிய சுமையையும் வங்கியே ஏற்க வேண்டாவா என்பது வாடிக்கையாளர் தரப்பு வினா. வீட்டு நிதியில் நாம் கண்ட அதே சிக்கல் இங்குக் குத்தகையின் வடிவில் தோன்றுவதைக் காண்கிறோம்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த கூட்டரசு நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில், அப்பிரிவுகள் அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானவை அல்ல எனத் தீர்ப்பளித்தது. மன்றம் இஸ்லாமியச் சட்டம் யாதென உறுதி செய்கிறதே அன்றி வழக்கைத் தீர்ப்பதில்லை என்பது பெரும்பான்மையோர் கருத்து. கட்டுப்படுத்தும் முடிவைக் கூறுவது நீதி அதிகாரத்துள் நுழைவதே என்பது சிறுபான்மையோர் கருத்து. இத்தீர்ப்பால் துறைக்கு உறுதிப்பாடு கிட்டியது. அதே வேளையில், திட்டத்தை உருவாக்கும்போது ஒப்புதல் வழங்கும் மன்றமே, அத்திட்டம் பற்றிய வழக்கு எழும்போதும் நெறி இன்னதெனக் கூறும் நிலை ஏற்பட்டுள்ளது. நால்வரின் மாற்றுக் கருத்து இக்காரணத்தால் தொடர்ந்து சிந்திக்கத்தக்கதாகிறது.

6. வைப்பா, முதலீடா?

நிதி வழங்கும் பக்கத்தில் கண்ட இருமை, நிதி திரட்டும் பக்கத்திலும் உண்டு. முதாரபா என்னும் பங்காண்மை ஒப்பந்தத்தில் பணத்தை இடுபவர் இலாபத்தில் பங்கு பெறுகிறார். தொழிலில் இழப்பு நேரின் அதனையும் ஏற்கிறார். ஆனால் வங்கியில் பணம் போடும் எவரும் இழப்பை எதிர்பார்ப்பதில்லை. ஒழுங்குமுறையாளரும் வைப்புத்தொகை குறைவதை அனுமதிப்பதில்லை. பல ஆண்டுகள் முதாரபா கணக்குகள் பெயரளவில் பங்காண்மையாகவும் நடைமுறையில் வைப்பாகவும் இயங்கின.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இதனை நேரடியாக எதிர்கொண்டது. முதலுக்கு உறுதி உடையது இஸ்லாமிய வைப்பு. உறுதி அற்றது முதலீட்டுக் கணக்கு என இரண்டையும் பிரித்தது. முன்னதற்கு மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட்வரை உண்டு; பின்னதற்கு இல்லை. வங்கிகள் தம் கணக்குகளை இவ்வாறு வகைப்படுத்த 2015ஆம் ஆண்டு ஜூன் இறுதிவரை காலம் வழங்கப்பட்டது. அச்சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஷரியா நெறிக்கு எந்நேரமும் இணங்கியிருத்தலை வங்கியின் சட்டக் கடமையாக்கியது. மீறினால் எட்டாண்டுவரை சிறையோ, 25 மில்லியன் ரிங்கிட்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான இடைவெளியை அடைத்த வகையில் இது பாராட்டத்தக்க சீர்திருத்தமாகும். ஆயினும் எதிர்பாராத விளைவும் உண்டு. இழப்பை ஏற்க விரும்பாத வாடிக்கையாளர்களைத் தக்கவைத்துக்கொள்ள, வங்கிகள் பங்காண்மைக் கணக்குகளை விட்டுத் தவர்ருக் அடிப்படையிலான வைப்புகளுக்கு மாறின. இத்தகைய வைப்பையும் நிதியளிப்பையும் ஷரியா ஆலோசனை மன்றம் 2005ஆம் ஆண்டிலேயே ஏற்றிருந்தது.

தவர்ருக்கில் ஒரு பண்டம் தவணை விலைக்கு வாங்கப்பட்டு உடனே வேறொருவருக்கு ரொக்க விலைக்கு விற்கப்படுகிறது. 2009ஆம் ஆண்டு புர்சா மலேசியா தொடங்கிய சூக் அல்-சிலா என்னும் சந்தையில் இதற்குரிய முதன்மைப் பண்டமாக அமைந்தது செம்பனை எண்ணெய். வாடிக்கையாளர் எண்ணெயைக் காண்பதில்லை. பொதுவாக அவருடைய முகவராக வங்கியே விற்றுத் தருகிறது. அதே 2009ஆம் ஆண்டு, அனைத்துலக இஸ்லாமியச் சட்டவியல் பேரவை ஷார்ஜா அமர்வில், முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்ட இத்தகைய தவர்ருக்கை ஏற்க இயலாது என முடிவு செய்தது. மலேசிய மன்றமோ, பண்டமும் விற்பனைகளும் மெய்யானவையாக இருத்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாட்டுடன் அதனை ஏற்றுள்ளது. ஒரு நாட்டில் ஒப்புதல் பெற்ற திட்டத்தை மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்லும் வங்கிக்கு இக்கருத்து வேறுபாடு பெரும் தடையாகிறது.

7. சிங்கப்பூர் காட்டும் மாற்று வழி

அண்டை நாடான சிங்கப்பூர் இஸ்லாமிய வங்கிக்கெனத் தனிச் சட்டம் இயற்றவில்லை. நடப்பிலுள்ள வங்கி விதிகளைத் தேவைக்கேற்பத் தளர்த்தும் வழியையே பின்பற்றியது. 2005ஆம் ஆண்டு, இஸ்லாமிய முறையிலான நிலச் சொத்துப் பரிமாற்றங்களுக்கு இரட்டை முத்திரை வரி நீக்கப்பட்டது. வங்கிகள் முராபஹா முறையில் பொருள் வாங்கி விற்க ஏதுவாக விதிகளும் திருத்தப்பட்டன. ஒரு திட்டம் ஷரியா நெறிக்கு இணங்குகிறதா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு வங்கியிடமே விடப்பட்டது.

2007ஆம் ஆண்டு டிபிஎஸ் வங்கியும் மத்தியக் கிழக்கு முதலீட்டாளர்களும் இணைந்து இஸ்லாமிக் பேங்க் ஆஃப் ஏசியாவை நிறுவினர். 2015ஆம் ஆண்டு அதனைப் படிப்படியாக மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஒரு வங்கியின் வரலாற்றைக் கொண்டு ஒழுங்குமுறையை மதிப்பிடுவது முறையன்று; சந்தையின் அளவும் பிற காரணங்களும் உண்டு. எனினும், தடைகளை நீக்குவதால் மட்டும் ஒரு துறை வளர்ந்துவிடாது என்பதையும், மலேசியாவின் வளர்ச்சியில் அரசின் நீண்டகால ஈடுபாட்டிற்குப் பெரும் பங்குண்டு என்பதையும் இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

8. கலைச்சொல்லும் வாடிக்கையாளர் நலனும்

இவ்வாய்வு தமிழ் கற்பிப்போருக்கும் தொடர்புடையது என்பதை இவ்விடத்தில் சுட்ட விரும்புகிறோம். மலாய்மொழி ஆவணங்கள் இத்திட்டங்களைப் பெம்பியாயான் என்கின்றன. நிதியளிப்பு என்பது அதன் பொருள். நம் பேச்சு வழக்கிலோ அது இஸ்லாமியக் கடன் என்றே வழங்குகிறது. இலாப விகிதம் என்பதையும் வட்டி என்றே கூறிவிடுகிறோம். இது வெறும் சொல் தேர்வுச் சிக்கலன்று. கடன் என்று எண்ணுபவர் மாதத் தவணையையும் விகிதத்தையும் மட்டும் கேட்டறிகிறார். விற்பனை என்று அறிந்தவரோ விலை என்ன என்று கேட்பார். 2006ஆம் ஆண்டு வழக்கில் உயிர்நாடியாக இருந்த கேள்வி அதுவே.

ஆகவே கடன், நிதியளிப்பு, தவணை விற்பனை, குத்தகை, கூட்டுரிமை ஆகிய சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்தாமல் வேறுபடுத்தி வழங்குதல் வேண்டும். ரிபா, இப்ரா, இஜாரா முதலிய சொற்களை ஒலிபெயர்ப்பில் தந்து, அருகில் தமிழ் விளக்கமும் தருவது பொருந்தும். இடைநிலைப்பள்ளிப் பொருளியல், வணிகவியல் பாடங்களைக் கற்ற மாணவரும், பெற்றோரின் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லும் நிலையிலுள்ள ஆசிரியரும், ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். இது எவ்வகை ஒப்பந்தம்? எழுதப்பட்டுள்ள முழு விலை என்ன? முன்கூட்டித் தீர்த்தால் அல்லது தவணை தவறினால் இப்ரா எவ்வாறு கணக்கிடப்படும்? வீடு கட்டி முடிக்கப்படாவிடில் பொறுப்பு யாருடையது? பணம் போடும் கணக்கு வைப்பா, முதலீடா? இவற்றுக்குரிய விடைகளை எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று.

9. முடிவுரை

மலேசிய இஸ்லாமிய வங்கித்துறையின் நாற்பது ஆண்டு வரலாற்றை நோக்குகையில், ஒழுங்குமுறை பெரும்பாலும் சிக்கலைப் பின்தொடர்ந்தே வந்துள்ளதைக் காண்கிறோம். இரட்டை வரிக்கு விலக்கு வந்தது. கருத்து வேறுபாட்டிற்குத் தேசிய மன்றம் வந்தது. முழு விலைக் கோரிக்கைக்குக் கட்டாய இப்ரா வந்தது. பெயரளவிலான பங்காண்மைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஒவ்வொன்றும் தேவையான தீர்வே. ஆயினும் விற்பனையா, கடனா என்னும் அடிப்படை வினா முற்றிலும் தீரவில்லை. அது பாய் பித்தமான் ஆஜிலிலிருந்து குத்தகைக்கும் தவர்ருக்கிற்கும் இடம் மாறியுள்ளது.

ஒரு புதிய திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கும்போது, அது ஷரியா நெறிக்கு இணங்குகிறதா என்பதோடு, நிலம், வரி, கடன் வசூல் ஆகிய எல்லாச் சட்டங்களிலும் ஒரே பொருளுடன் நிற்கிறதா என்பதையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும். விற்பனை எனில் விற்பவரின் பொறுப்பும், குத்தகை எனில் உரிமையாளரின் பொறுப்பும் வங்கியைச் சார வேண்டும். அப்பொறுப்புகளை ஒப்பந்தத்தின் வழி வாடிக்கையாளரிடம் தள்ளிவிடுவதாயின், அதனை அவருக்குப் புரியும் மொழியில் முன்னரே கூறுதல் கடமையாகும். வட்டியை விலக்குவதன் நோக்கம் வலியவர் எளியவரைச் சுரண்டாதிருத்தலே எனின், அந்நோக்கம் நிறைவேறியதா என்பதைத் தவணை தவறிய ஒரு குடும்பத்தின் கணக்குத் தாளில்தான் நாம் சோதித்தறிய வேண்டும்.